மரநாய்க்கு மாலை

மந்தைவெளியில் ஒரு மூன்று மாடி அடுக்ககம். மொத்தம் பன்னிரண்டு வீடு. அதில் பதினொரு வீட்டில் முட்டாள்கள் குடியிருப்பதாக மூன்றாம் மாடி சண்முகவடிவு நினைத்திருந்தாள். கோபத்தில் நினைத்த நினைப்பு இல்லை, கண்ணுகளா. ஐப்பசியில் மழை பெய்யும், சித்திரையில் வெயில் கொளுத்தும், கீழ்வீட்டுக்காரர்களுக்கு மூளை இருக்காது. அப்படி ஒரு இயற்கை விதியாக நினைத்திருந்தாள்.

வயது அறுபத்திரண்டு. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அண்ணன்மார் தி.நகரில் பாத்திரக்கடை போட்டார்கள். இவள் மட்டும் கடைக்குள் உட்காராமல் டெலிபோன் இலாகாவில் சேர்ந்து, முப்பத்துமூன்று வருஷம் விசாரணைப் பிரிவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரில் யாருக்கு என்ன நம்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டால் பதில் சொல்வாள். மற்ற நேரத்தில் மூக்கால் சிரிப்பாள். வாய் அசையாது, உதடு அசையாது, ஒரு மூக்குத் துவாரம் வழியாக 'ஹ்ம்' என்று காற்று மட்டும் வரும். அந்த ஒரு 'ஹ்ம்'மில் எதிரே நிற்பவரின் படிப்பு, உத்தியோகம், பரம்பரை எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

அவள் வீட்டுக்கு நேர் மேலே மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறை. அதன் பரணில் ஒரு மரநாய் இருந்தது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பூனையைவிட நீளம், கீரியைவிடப் பருமன். உடம்பெல்லாம் கருஞ்சாம்பல். திருடன் துணி கட்டினாற்போல முகத்தில் ஒரு கறுப்பு. உடம்பளவுக்கு வால். பழம் தின்னும், எலி தின்னும், பகல் முழுக்கத் தூங்கும். பேரில்தான் நாய். நாய்க்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அது வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கும் அதற்கும் ஒரு பேச்சு இருந்தது. பேச்சு என்றால் வாய்ப்பேச்சா? அவள் அதற்குச் சோறு வைக்கமாட்டாள், பேர் வைக்கமாட்டாள், படம் எடுக்கமாட்டாள். அதுவும் அவள் வீட்டுக்குள் வராது. அவ்வளவுதான். பிராணிகளை நேசிக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு இன்னும் இளக்காரம். "முதல் மாடிக்காரி புறாவுக்குப் பொரி போடுறா. அதே புறா இரண்டாம் மாடிக்காரன் பால்கனியில எச்சம் போடுது. அவன் வலை கட்டுறான். வலையில புறா மாட்டிக்கிட்டா ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு 'ஐயோ பாவம்'கிறாங்க" என்பாள். ஹ்ம்.

பங்குனி பிறந்து எதிர்வீட்டு மாமரத்தில் பிஞ்சு இறங்கியதும் மரநாய் கேபிள் வயரில் நடந்து தெருவைக் கடக்கும். விடியற்காலை காப்பித் தம்ளரோடு அவள் பால்கனிக்கு வரும்போது அது வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்தும் பார்க்காதமாதிரி போவார்கள். கத்திரி வெயிலில் பரண் அடுப்பாய்க் கொதிக்கிற நாட்களில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஈரம் பார்த்து வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். அந்த இரண்டு மாதமும் அவள் வற்றல் காயவைப்பதை மாடியின் மறுகோடிக்கு மாற்றிக்கொள்வாள். ஆடியில் சந்துமுனை நெட்டிலிங்க மரங்கள் பழுக்கும். பகலில் குயில், அந்தி சாய்ந்தால் வௌவால், அதற்கப்புறம் மரநாய் என்று முறைவைத்துத் தின்பார்கள். காலையில் பால்கனி நிறையக் கொட்டை. பெருக்கித் தள்ளுவாள். அடைமழைக் காலத்தில் பரணில் ஒண்டிக்கொண்டு இரண்டு நாள் வெளியே வராது. தேரையும் நத்தையும் படியேறி வரும். மார்கழியில் ஒலிபெருக்கி அலறும்போது மேலே ஒரு முறை தட்டென்று புரண்டு படுக்கிற சத்தம் கேட்கும். "உனக்குமா?" என்று அவள் கூரையைப் பார்த்துக் கேட்பாள். அவள் அதனோடு பேசிய பேச்சு மொத்தமும் அதுதான்.

இந்த வருஷம் ஆவணிக் கடைசியில் அது பரணில் இரண்டு குட்டி போட்டது. மெல்லிசாகக் கீச்சுக் குரல். கூரைக்குக் கீழே படுத்திருந்த அவளுக்கு மட்டும்தான் கேட்கும். யாரிடமும் சொல்லவில்லை.

புரட்டாசியில் வினை வந்தது. அடுக்ககத்துச் செக்ரட்டரி விஜயராகவன், இரண்டாம் மாடி, புதுசாக ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். அவருடைய கார் நிற்கிற இடம் திறந்தவெளி. சுவரோரமாக இறங்கி வருகிற மரநாய்க்கு அந்தக் காரின் கூரை நல்ல மேடையாக அமைந்துவிட்டது. தினமும் காலையில் அதன்மேல் கொட்டையும் தோலுமாக ஒரு குவியல் கிடக்கும். என்ன குவியல் என்று நான் விளக்கவேண்டாம்.

விஜயராகவன் அதைப் படம் எடுத்து அடுக்ககத்து வாட்ஸாப் குழுவில் போட்டு, 'இதற்கு யார் பொறுப்பு? உடனே முன்வரவும்' என்று எழுதினார். குடியிருப்பவர்களில் யாரோ ஒருவர் ஏறி உட்கார்ந்துவிட்டுப் போனமாதிரி. சண்முகவடிவு அன்றைக்கு மூக்கால் சிரித்தது போதாமல் வாயாலும் சிரித்தாள்.

காவலாளி கபாலிதான் உண்மையைச் சொன்னான். நொச்சிக்குப்பத்துக்காரன். கடலும் காற்றும் பார்த்து வளர்ந்தவன்.

"சார், மரநாய் சார் அது. எங்க ஆண்ட தென்ன மரத்துல கூட கீது. அது பாட்டுக்கு வந்து போய்க்கினு கீது. நீ இன்னாத்துக்கு சார் டென்ஷன் ஆவுறே?"

விஜயராகவன் காதில் 'நாய்' மட்டும்தான் விழுந்தது. 'எங்கள் கட்டடத்தில் நாய்த் தொல்லை' என்று புகார் எழுதிவிட்டார். இரண்டாம் நாள் நாய் பிடிக்கிற வண்டி வந்து நின்றது. வலையோடு இறங்கினவர் கேட்டார், "எங்க சார் நாய்?"

"மேலே. லிஃப்ட் ரூம் பரண்ல."

"நாய் எப்டி சார் பரண்ல ஏறிச்சு?"

"அது மரநாய்ப்பா. மரத்துமேலயும் ஏறும்."

அந்த மனிதர் மாடியைப் பார்த்தார், விஜயராகவனைப் பார்த்தார், தன் கையிலிருந்த வலையைப் பார்த்தார். "சார், நாங்க தரையில கீற நாயிக்கி மட்டும்தான் சார்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். தெருவே சிரித்தது.

சிரிப்புக்கு ஆளான மனுஷனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, கண்ணுகளா, அது சாதாரணக் கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார். பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் மாடி தாரணி, அவள் பக்கத்து வீட்டு நூர் முஹம்மது, இன்னும் ஏழெட்டுப் பேர். நூர் முஹம்மதுக்கு மயிலாப்பூர் கச்சேரி சாலையில் அத்தர் கடை. ஜவ்வாது, சாம்பிராணி, சந்தனாதி என்று மூன்று தலைமுறை வாசனை வியாபாரம். அதிகம் பேசமாட்டார்.

"இனிமே யாரையும் நம்பிண்டிருக்க முடியாது" என்றார் விஜயராகவன். "வாழைப்பழத்துக்குள்ள எலி மருந்தை வச்சு மேலே வச்சுட்டாப் போறும். நம்ம ஆத்து எலிக்கு வைக்கறதில்லையா? அதுமாதிரிதான். குட்டியும் இருக்கறதாக் கபாலி சொல்றான். ஒரேயடியா முடிஞ்சுடும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். சிலருக்குக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது, சிலருக்குத் தொலைக்காட்சியில் மேட்ச். மூன்று உயிரைக் கொல்வதற்கு அந்த அவசரம் போதுமானதாக இருந்தது.

மரநாயைக் கொல்வது குற்றம் என்று சட்டம் பேசலாம் என்றுதான் சண்முகவடிவு இறங்கி வந்திருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் எண்ணத்தை மாற்றிக்கொண்டாள். சட்டத்துக்கு ஒரு வக்கீல் கிடைப்பான். இரக்கத்துக்கு இவர்களிடம் இடமில்லை. இவர்களை எந்தக் கயிற்றால் இழுக்கலாம் என்று ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்தாள். விஜயராகவன் நெற்றி காலைப் பூஜை நாமத்தோடு பளிச்சென்று இருந்தது.

"செக்ரட்டரி சார், போன மாசம் பெருமாள் திருமஞ்சனத்துக்கு என்னவெல்லாம் வாங்கிக் கொடுத்தீங்க?"

"எதுக்குக் கேக்கறேள்? பால், சந்தனம், பச்சைக்கற்பூரம், புனுகு..."

"புனுகு எதுலேர்ந்து வருது?"

"கடையிலேர்ந்து" என்றாள் தாரணி.

ஹ்ம்.

"புனுகுப்பூனைகிட்டேர்ந்து வருது. மேல இருக்குறது நாயும் இல்லை, நரியும் இல்லை. புனுகுப்பூனை. பெருமாள் திருமேனியில சாத்துற வாசனையை உடம்புல வச்சுக்கிட்டு, ரெண்டு குட்டியோட உங்க தலைக்கு மேல உட்கார்ந்திருக்கு. அதுக்குத்தான் எலி மருந்து வைக்கப்போறீங்க. வைங்க. எனக்கென்ன."

கபாலி கேட்டருகில் இருந்து, "எம்மா, அது மரநாய்தான் மா..." என்று ஆரம்பித்தான்.

"கபாலி, நீ போய் கேட்டைப் பாரு."

அவன் போய் கேட்டைப் பார்த்தான். விஜயராகவன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தாரணியும் போட்டுக்கொண்டாள். நூர் முஹம்மது மட்டும் தலை நிமிர்ந்து சண்முகவடிவை ஒரு தரம் பார்த்தார். பிறகு தன் கை நகத்தைப் பார்த்துக்கொண்டார்.

படியேறும்போது அவளுக்கு அப்படி ஒரு குஷி. கட்டடத்தையே ஒரு பொய்யால் மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போகிற குஷி. சுலபமான முட்டாள்கள், எவ்வளவு சுலபமான முட்டாள்கள் என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே ஏறினாள்.

மறுநாள் காலை மோட்டார் அறை வாசலில் ஒரு தட்டு வாழைப்பழம். அதற்கு மறுநாள் பால். பிறகு கோலம். வியாழக்கிழமை ஒரு விளக்கு வந்தது. அந்தி மங்கியதும் ஏற்றிவிட்டுப் போவார்கள், விடியும்வரை எரியும். வெளிச்சத்துக்குப் பயந்து மரநாய் பல ராத்திரி இறங்கவே இல்லை. பசியில் குட்டிகள் கத்துவது கூரை வழியாகக் கேட்டது. சண்முகவடிவு மாடிக்குப் போய் விளக்கை ஊதி அணைத்தாள். வந்து பார்த்த தாரணி இரண்டு விளக்காக ஏற்றினாள்.

பக்கத்துக் கட்டடத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். லிஃப்டில் இடமில்லை. அறை ஜன்னலின் கம்பி ஜாலியில் மாலை கட்டினார்கள். உள்ளே டார்ச் அடித்து, பயத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு குட்டிகளுக்கு முன்னால் நிற்கிற அதைப் படம் பிடித்து, 'ஆசீர்வாதம் செய்கிறது' என்று குழுவில் போட்டார்கள். இருபது படமாவது இருக்கும். அவளுக்கும் வந்தது. அதன் கண் இரண்டும் டார்ச் வெளிச்சத்தில் வெள்ளைக் காசுகளாக இருந்தன.

இரண்டு வருஷம் அவள் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக் காப்பாற்றி வந்தாள். இரண்டே வாரத்தில் ஊரே அதை உற்றுப் பார்க்கும்படி செய்துவிட்டாள்.

ஐப்பசி முதல் மழையன்று, புதன்கிழமை சாயங்காலம், குழுவில் விஜயராகவன் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பொன்ராஜ் என்கிற ஆள் கூண்டோடு வருகிறான். பூனையைக் கூண்டில் வைத்து மாடியிலேயே பராமரித்து, மாதாமாதம் புனுகு எடுத்துக் கோயிலுக்குக் கொடுக்கப்போகிறோம். இது நம் கட்டடத்துக்குக் கிடைத்த கைங்கர்யம்.

அவள் அதைப் படித்து முடிப்பதற்குள் அழைப்புமணி அடித்தது. நூர் முஹம்மது. குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"அக்கா, பார்த்தீங்களா?"

"பார்த்தேன் பாய்."

"புனுகு எடுக்குறது எப்படின்னு எங்க வாப்பா சொல்லியிருக்காரு. பூனை திரும்பக்கூட முடியாத கூண்டு. அதைச் சீண்டிச் சீண்டிக் கோவப்படுத்துவாங்க. அப்புறம் வாலைத் தூக்கிப் புடிச்சு, அடியில இருக்குற பையைக் கரண்டியால வழிப்பாங்க. பத்து நாளைக்கு ஒரு தரம். அது சாகுற வரைக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "அதுவும் உடம்புல புள்ளி, வால்ல வளையம் இருக்குற நிஜப் புனுகுப்பூனைக்கு. மரநாயை வழிச்சா என்ன வரும்? ரத்தம் வரும்."

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நல்லதுக்குச் சொன்ன பொய்யைப் பத்துப் பேர் நடுவுல எப்படிக்கா உடைக்கிறது? இப்ப நான் சொன்னா, 'சாமி விஷயத்துல பாய்க்கு என்ன'ன்னு ஒரு பேச்சு வரும். நீங்க கட்டின முடிச்சு. நீங்கதான் அவிழ்க்கணும்."

அவர் போனபிறகு அவள் போனைக் கையில் எடுத்தாள். வனத்துறைக்குச் சொல்லலாம். வருவார்கள். வந்து முதல் பார்வையிலேயே 'இது மரநாய்' என்பார்கள். இவ்வளவு கூட்டம் மொய்க்கிற இடத்தில் விடமுடியாது என்று தாயையும் குட்டியையும் பிடித்து எங்கேயோ காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். நகரத்துப் பரணில் பிறந்த குட்டி அங்கே எத்தனை நாள் தாங்கும்? போனை வைத்துவிட்டாள்.

ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. அவள் போனை வைத்ததற்குக் குட்டிகள் மட்டும் காரணம் இல்லை. வியாழக்கிழமை முழுக்க ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததற்கும் அது காரணம் இல்லை. கீழே போய் அந்தப் பதினொரு வீட்டுக்கு முன்னால் நின்று 'நான் சொன்னது தப்பு' என்று சொல்லவேண்டும். விஜயராகவனிடம். பொரி போடுகிற தாரணியிடம். கபாலியிடம். அது அவளால் ஆகாத காரியம். மேலே குட்டி கத்தும். கேட்காதமாதிரி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். மனுஷ ஜென்மம் எவ்வளவு மட்டமானது என்று அவள் மற்றவர்களைப் பற்றி நினைப்பதுண்டு. அன்றைக்கு வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் மாடி நிறைந்துவிட்டது. மழை விட்டிருந்தது. விஜயராகவன் பட்டுக்கரை வேட்டி. தாரணி கையில் ஆரத்தித் தட்டு. பொன்ராஜ் குறுகலான ஒரு இரும்புக் கூண்டைத் தோளிலிருந்து இறக்கினான். அது அவ்வளவு குறுகலாக இருந்ததைப் பார்த்துத்தான் சண்முகவடிவின் கால் நகர்ந்தது. மோட்டார் அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இது புனுகுப்பூனை இல்லை. நான் பொய் சொன்னேன்."

யாரோ சிரித்தார்கள்.

"மேடம், பெருமாள் காரியத்துல விளையாடாதேள்" என்றார் விஜயராகவன்.

"விளையாடலை சார். நீங்க மருந்து வைக்கக்கூடாதுன்னு ஒரு கதை கட்டினேன். உங்க எல்லார் தலையிலயும் மிளகாய் அரைச்சேன்."

"எங்க தலையிலயா?" அவர் முகம் சிவந்தது. "நாலு பெரியவாளண்ட கேட்டுண்டு செய்யற காரியம் இது. எங்களைப் பார்த்தா ஏமார்றவா மாதிரி இருக்கா? இவாளுக்குப் பொறாமை, வேற ஒண்ணுமில்லே. பூனைக்கு வந்த மரியாதை தனக்கு வரலைன்னு."

"ஆமா ஆன்ட்டி" என்றாள் தாரணி. "நாங்க எல்லாம் வேண்டிக்கிட்டிருக்கோம். என் தம்பிக்கு விசா கூட வந்துடுச்சு. இப்பப் போய் பூனை இல்லைன்னா எப்படி?"

"தள்ளுங்கம்மா" என்று பொன்ராஜ் கூண்டைத் தூக்கினான்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. இவர்கள் தாங்கள் ஏமாந்ததை ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மரநாயைக் கொன்றாவது, அதன் ரத்தத்தைப் புனுகு என்று சொல்லியாவது தங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காப்பாற்றிக்கொள்வார்கள். 'நான் உங்களை ஏமாற்றினேன்' என்று சொல்வதில்கூட அவள் ஒரு படி மேலே நின்றுகொண்டுதான் சொல்லியிருந்தாள். அந்தப் படியிலிருந்து இறங்கினால் ஒழிய வேறு வழியில்லை. இன்னும் ஒரே ஒரு வாக்கியம் மிச்சமிருந்தது.

கதவுக்குப் பின்னால் குட்டி ஒன்று கீச்சிட்டது.

"இல்லை சார்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "நான் பொய்யும் சொல்லலை. சமாளிக்கிறதுக்காக இப்ப அப்படிச் சொன்னேன். நிஜமா எனக்குத் தெரியாது. மரநாயும் புனுகுப்பூனையும் ஒண்ணுன்னே நினைச்சுட்டேன். புனுகுப்பூனையை என் ஜென்மத்துல பார்த்ததில்லை. பெரிய அறிவாளி மாதிரி பத்துப் பேர் நடுவுல உளறிட்டேன். கபாலி அன்னைக்கே சொன்னான். அவன் சொன்னதுதான் சரி. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

கண்ணுகளா, மழை விட்ட வானத்தில் வெயில் வருமே, அப்படி ஒரு வெளிச்சம் எல்லார் முகத்திலும் வந்தது.

"அதானே பார்த்தேன்!" என்றார் விஜயராகவன். "அன்னிக்கே எனக்கு ஒரு சந்தேகம். பெரியவா, வயசானவா சொல்றாளேன்னு பேசாம இருந்தேன்."

"எனக்கும்தான்" என்றாள் தாரணி. "மூஞ்சியே சரியில்லைன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

"புள்ளியும் இல்லை, வளையமும் இல்லை" என்றார் நூர் முஹம்மது மெதுவாக. "எங்க கடையில மூணு தலைமுறையாப் புழங்கின சரக்கு. இது மரநாய்தான் சார். செக்ரட்டரி சார் முதல்ல சொன்னதுதான்." கடைசி வாக்கியத்தை அவர் வேண்டுமென்றே சேர்த்தார்.

பொன்ராஜ் கூண்டைச் சட்டென்று கீழே வைத்தான். "கோயில் பூனைன்னுதானே சார் இட்டாந்தே? மரநாய் புடிச்சா கேஸு சார். என் மச்சான் மாட்டிக்கினு கோர்ட்டுக்கு நடந்துக்கினு கீறான். ஆளை வுடு நைனா." வந்த வேகத்தில் கூண்டோடு இறங்கிப் போய்விட்டான்.

"யம்மா" என்று கபாலி மாடிப்படியிலிருந்து பல் தெரியச் சிரித்தான். "நான் சொல்லச்சொல்ல இன்னா சொன்னே? கேட்டைப் பாருன்னே. இப்ப யாரு பாக்குறது கேட்டை?"

எல்லாரும் சிரித்தார்கள். நன்றாக, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவள் நின்றாள்.

சிரிப்பு அடங்கியதும் விஜயராகவன் வேட்டியை மடித்துக் கட்டினார். "சரி, அப்போ பழைய தீர்மானம்தான். மருந்து."

"வைக்கலாம் சார்" என்றாள் சண்முகவடிவு. "ஆனா மாலை போட்ட படம் இருபது இருக்கு. தெருப்பூரா அனுப்பியிருக்கீங்க. நாளைக்கு அது செத்துக் கிடந்தா யார்னு கேட்க போலீஸ் வேண்டாம். அந்த ஆளே 'கேஸு'ன்னு சொல்லிட்டுப் போறான். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க விவரமானவங்க, யோசிச்சுச் செய்வீங்க."

அவர் யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். நேரமெடுத்தது.

"அப்போ என் கார்?"

அவளுக்கு ஒரு கார் நிறுத்துமிடம் இருந்தது. கூரை போட்டது. காரே இல்லாத அவள் அதில் ஓர் உடைந்த நாற்காலியை மட்டும் போட்டு வைத்திருந்தாள். அந்த இடத்தை அவர் ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கும்போதெல்லாம் அவள் மூக்கால் சிரித்தாள். அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பது அவளுக்கு ஒரு சுகம்.

"என் இடத்துல விட்டுக்கோங்க" என்றாள்.

"நிரந்தரமாவா?"

"நிரந்தரமா."

"எழுதிக் கொடுத்துடறேளா?"

எழுதியும் கொடுத்தாள். ஜாலியில் கட்டியிருந்த மாலையை அவளே அறுத்து எடுத்தாள். விளக்குகளைத் தாரணி எடுத்துக்கொண்டு போனாள். நாய்க்கு எண்ணெய் விட்டோமே என்று அவளுக்கு ஒரே ஆதங்கம். அன்று சாயங்காலம் மாடி இருட்டியது. மறுநாள் விடியற்காலை மழைத் தூறலில் கேபிள் வயர்மேல் ஒரு நீள வால் போவதை சண்முகவடிவு பால்கனியிலிருந்து பார்த்தாள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்போல.

அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பேர் 'புனுகம்மா'. லிஃப்டில் கேட்பார்கள், "என்ன புனுகம்மா, அந்தப் பல்லி என்ன ஜாதி?" கபாலி ஒரு காக்காயைக் காட்டி, "யம்மா, இது காக்கா. மயில் இல்ல. தெர்ஞ்சுக்கோ" என்பான். முப்பத்துமூன்று வருஷம் ஊருக்கே பதில் சொன்னவள் "சரிப்பா" என்பாள். விஜயராகவனுக்கோ அவளுக்கு அறிவு புகட்டுவது தினசரி நியமமாகிவிட்டது. கார்த்திகையில் நத்தையைக் காட்டி, பாம்பு முட்டையிலிருந்து வருகிறது என்றார். தையில் கீரியைக் காட்டி, அதற்கு விஷமே ஏறாது, அருகம்புல் தின்று முறித்துவிடும் என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். உள்ளுக்குள் அவரைத் துண்டு துண்டாக நறுக்கி, வரிசையாக வைத்து, ஒவ்வொரு துண்டையும் பார்த்துச் சிரித்தாள். வெளியே தலையாட்டினாள்.

திருந்திவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பதினொரு வீட்டைப் பற்றிய அவளுடைய அபிப்பிராயம் இம்மிகூட மாறவில்லை. பன்னிரண்டாவது வீட்டைப் பற்றித்தான் கொஞ்சம் மாறியிருந்தது.

பங்குனியில் ஒருநாள் காலை. விஜயராகவன் கூரைக்கு அடியில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மாமரத்திலிருந்து குயில் கூவியது. தாய் அளவுக்கு வளர்ந்துவிட்ட இரண்டு குட்டிகளும் அந்நேரம் பரணில் தூங்கிக்கொண்டிருந்தன. தயிர் வாங்கிக்கொண்டு வந்தவளை அவர் நிறுத்தினார்.

"கேட்டேளா? குயில். பாடறது பொம்மனாட்டிக் குயில். ஆம்பளைக் குயிலுக்குக் குரலே கிடையாது. இதெல்லாம் யாரும் சொல்லித்தரமாட்டா உங்களுக்கு."

கூவுவது ஆண். கறுப்பாக, சிவந்த கண்ணோடு, எதிரே கிளையில் தெரியவே உட்கார்ந்து கூவிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். மூக்கு வரைக்கும் காற்று வந்துவிட்டது. தயிர்ப் பாக்கெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்படியா சார்?" என்றாள். "எனக்கு எங்க தெரியும்."

"தெரிஞ்சுக்கணும்" என்றார் அவர், காரின் கூரையை அன்பாகத் தடவிக்கொண்டே. அதில் ஒரு கொட்டைகூட இல்லை.